ஒரு நீக்கம், மூன்று தலைமுறைப் பழி: பெங்களூருவில் ஒரு மைட்டோகாண்ட்ரியா நோய் நிகழ்வு ஆய்வு

குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கும் நாங்கள் எடுத்த முடிவுகளும் நடந்தபடியே உள்ளன. நான் மரபணு ஆலோசகர். இந்த நிகழ்வில் ஒரு தவறு என்னுடையது, அதையும் அதன் இடத்தில் சொல்கிறேன்.

பின்னணி

பெண்ணுக்கு வயது 17. பி.யு.சி. இரண்டாம் ஆண்டு, அதாவது பிளஸ் டூ. ஆரணிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் பெங்களூரு வந்து, ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் குடும்பம். அப்பா வாடகை வேன் ஓட்டுகிறார். அம்மா பீன்யாவில் கார்மெண்ட்ஸில் தையல் வேலை. அக்காவுக்கு 22 வயது, ஓசூரில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. அம்மா கட்டியது அத்தை மகனை. அந்த அத்தைதான் மாமியார், அதே வீட்டில் இருக்கிறார்.

பதினைந்து வயதில் இமைகள் இறங்குவதை வீட்டில் கவனித்தார்கள். வகுப்பில் கரும்பலகையைப் பார்க்கத் தலையைப் பின்னுக்குச் சாய்த்துத்தான் பார்ப்பாள். ஓர் ஆசிரியை அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார். முதலில் பார்த்த மருத்துவமனையில் மயஸ்தீனியா கிரேவிஸ் என்று கருதி பிரிடோஸ்டிக்மின் கொடுத்தார்கள். நரம்பும் தசையும் சேரும் இடத்தில் செய்தி தடைபடுவதால் வரும் நோய் அது. அதற்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இல்லை. மாத்திரையால் பலனும் இல்லை. அப்படியும் நோய்ப் பெயரை யாரும் மாற்றவில்லை, பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். எட்டு மாதத்தில் முகம் உப்பியது, ரத்தச் சர்க்கரை ஏறியது, இமை மட்டும் ஏறவில்லை.

இன்னொரு இடத்தில் இமையைத் தூக்கிக் கட்டும் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவைச் சிகிச்சை அது. அதற்கு முந்தைய வாரம் ஒரு நரம்பியல் மருத்துவரின் கருத்தைக் கேட்டுக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்ததால்தான் எங்கள் பிரிவுக்கு வந்தார்கள்.

முதல் நாள் கண்டது

அவள் கண்ணை அசைத்துப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் ஒருவர் பேசினால் முகம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்புகிறது. சோதித்துப் பார்த்தபோது விழிகள் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. ஆனால் இரட்டையாகத் தெரிகிறதா என்றால் ஒருநாளும் இல்லை என்றாள். மயஸ்தீனியாவில் காலையில் நன்றாக இருக்கும், மாலையில் தளரும், பல நேரம் ஒரு கண் மற்றதை விடத் தொய்ந்திருக்கும். இவளுக்கு இரண்டு இமையும் ஒரே அளவு, காலை மாலை வித்தியாசம் கிடையாது. பல வருடம் கொண்டு மெதுவாக இறங்கிய தசை இப்படித்தான் இருக்கும். இரண்டு விழியும் சேர்ந்தே நின்றுவிடுவதால் இரட்டைப் பார்வைக்கும் இடமில்லை.

எங்கள் மருத்துவர் பழைய புகைப்படங்களைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் அம்மா மஞ்சள் நீராட்டு ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பதின்மூன்று வயதில் எடுத்த அந்தப் படங்களிலேயே இமை கருவிழியின் மேல்பாதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் கவனிப்பதற்கு இரண்டு வருடம் முன்பே நோய் தொடங்கியிருந்தது. எந்த ஸ்கேனும் சொல்லாத ஒரு தேதியை அந்த ஆல்பம் சொன்னது.

மற்றவை: உயரம் 142 செ.மீ., அக்கா 157. இருட்டில் நடக்கத் தடுமாற்றம். விழித்திரையில் உப்பும் மிளகும் தூவியது போன்ற நிறமிப் புள்ளிகள். காது லேசாக மந்தம். ரத்தத்தில் லாக்டேட் கூடுதல்.

கண் தசை, விழித்திரை, வளர்ச்சி, காது என்று தொடர்பில்லாத உறுப்புகள் சேர்ந்து பாதிக்கப்பட்டால், ஒவ்வோர் அணுவுக்குள்ளும் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை நினைக்க வேண்டும். 20 வயதுக்குள் தொடங்கிய விழித்தசைச் செயலிழப்பு, விழித்திரை நிறமி மாற்றம் இரண்டும் சேர்ந்தால் கேர்ன்ஸ்–சேயர் நோய்த்தொகுப்பு என்ற பெயர் முன்னால் வந்து நிற்கும். 1958இல் கேர்ன்ஸ், சேயர் இருவரும் விவரித்த நோயாளிகளிடம் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது: இதயத்தின் மின்தடத்தில் அடைப்பு.

இதயம் முந்திக்கொண்டது

இரண்டு வருட மருத்துவக் கோப்பில் ஈசிஜி ஒன்றுகூட இல்லை. அன்று மதியமே எடுத்தோம். வலது கிளை அடைப்பு, அதோடு இடது கிளையின் முன்பிரிவிலும் அடைப்பு. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போகும் மூன்று பாதைகளில் இரண்டு மூடிவிட்டன, மூன்றாவதை நம்பித்தான் இதயம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அம்மா சொன்னார், மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் ஒருமுறை பெண் கண் இருட்டி விழுந்தாள், வெயில் என்று நினைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தோம் என்று.

நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும் 24 மணி நேர ஹோல்டர் பதிவில், இரவில் இரண்டு இடங்களில் துடிப்பு கீழறைக்கு வராமல் விடுபட்டிருந்தது. மரபணு முடிவுக்குக் காத்திருக்காமல் பேஸ்மேக்கர் வைத்துவிடுவது என்று இதய மருத்துவர்களோடு பேசி முடிவெடுத்தோம். இந்த நோயில் கிளை அடைப்பு எப்போது முழு அடைப்பாகும் என்று கணிக்க முடியாது. வாரக்கணக்கில் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். காத்திருந்தால் நேரக்கூடியது திடீர் மரணம். அப்பா தயங்கினார்: "கண்ணுக்குத்தானே வந்தோம், நெஞ்சுல எதுக்கு மேடம் மெஷின்?" நியாயமான கேள்வி. ஈசிஜி தாளை மேசையில் விரித்து வைத்து, விடுபட்ட துடிப்புகள் இருந்த இடத்தை அவர் விரலாலேயே எண்ண வைத்தோம். கையெழுத்துப் போட்டார். அம்மாவின் ஈஎஸ்ஐ அட்டையில் அந்தச் செலவு போனது.

இமை அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைத்தோம். பேஸ்மேக்கர் இல்லாமல், ஈசிஜி பார்க்காமல் அந்த மயக்க மருந்து ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்த முடியாது, ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம். தண்டுவட நீரில் புரதம் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. இந்த நோயில் அந்த நீரில் ஃபோலேட் குறைவதுண்டு என்பதால் ஃபோலினிக் அமிலம் தொடங்கப்பட்டது.

ரத்தத்தில் கிடைக்காதது

மைட்டோகாண்ட்ரியா மரபணுப் பரிசோதனைக்கு முதலில் ரத்தம்தான் அனுப்பினோம். எடுப்பது எளிது, தசை வெட்ட வேண்டாம். செலவு மட்டும் குடும்பத்தின் கையிலிருந்து. மூன்று வாரத்தில் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று அறிக்கை வந்தது. வீட்டில் சந்தோஷம். நோயே இல்லை, எல்லாம் அந்த மாத்திரையின் வேலை என்று ஒரு சொந்தக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பெரிய நீக்கங்கள், அதாவது டிஎன்ஏவில் நீண்ட துண்டு காணாமல்போன பிரதிகள், சிறு அளவில் இருந்தால் இந்த முறையில் தெரியாமல் போகலாம் என்று அதே அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. நாங்கள் அறிந்திருக்க வேண்டியதும் அதுதான். ரத்த அணுக்கள் ஓயாமல் பிரிபவை. நீக்கம் விழுந்த டிஎன்ஏ நிறைய வைத்திருக்கும், ரத்தத்தை உருவாக்கும் மூல அணுக்கள் போட்டியில் பின்தங்கி, வயது ஏற ஏற ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். பிரியாத தசை இழை அதைச் சுமந்துகொண்டே இருக்கும்.

தொடையில் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துத் தசைத் துணுக்கு எடுத்தோம். சாயமேற்றிப் பார்த்தபோது, நிறைந்து வழியும் மைட்டோகாண்ட்ரியாவால் ஓரம் கிழிந்தது போன்ற சிவப்பு இழைகள். சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதி இல்லாத இழைகள் நீலமாகத் தனித்துத் தெரிந்தன. தசை டிஎன்ஏவில், நீண்ட துண்டுகளைப் பெருக்கி அளவு பார்க்கும் லாங் ரேஞ்ச் பிசிஆர் செய்ததில், இயல்பான பட்டையோடு குட்டையான ஒரே ஒரு பட்டை. 4,977 கார இணைகள், அதாவது டிஎன்ஏவின் எழுத்து ஜோடிகள், காணவில்லை. அந்தத் தசையில் 100க்கு 60க்கு மேற்பட்ட பிரதிகள் வெட்டுப்பட்டவை.

அந்த 'ஒரே ஒரு' என்பதில்தான் இந்தக் குடும்பத்தின் எதிர்காலம் இருந்தது. ஒருவருக்குப் பல அளவுகளில் பல நீக்கங்கள் தெரிந்தால், பழுது பெரும்பாலும் உட்கருவில் இருக்கும் மரபணு ஒன்றில் உண்டு என்று பொருள்: டிஎன்ஏவைப் படியெடுக்கும் போல்ஜி, இழையைப் பிரித்துக் கொடுக்கும் ட்விங்கிள் போன்றவை. அவை அப்பா, அம்மா இருவர் வழியிலும் வரலாம். சொந்தத்தில் கட்டியது அங்கே கணக்கில் வரும். ஒரே அளவில் ஒரே நீக்கம் உடம்பெங்கும் பரவியிருந்தால் கதையே வேறு.

வெட்டு விழும் விதம்

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒரு வளையம். 16,569 கார இணைகள், 37 மரபணுக்கள். 13 புரதங்களுக்கு, புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் 22 கடத்தி ஆர்என்ஏக்களுக்கு, 2 ரைபோசோம் ஆர்என்ஏக்களுக்கு. ஒரு கருமுட்டையில் இந்த வளையம் லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாக இருக்கும்.

வளையத்தின் கன இழை, மென்னிழை என்ற இரண்டு இழைகளும் ஒரே நேரத்தில் படியெடுக்கப்படுவதில்லை என்பதுதான் விஷயத்தின் மையம். முதலில் புதிய கன இழை உருவாகத் தொடங்கும். அது வளர வளரப் பழைய கன இழை ஜோடி இழந்து தனியாக விலகி நிற்கும். வளையத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரம் கடந்த பிறகுதான், இன்னொரு தொடக்கப் புள்ளியில் மென்னிழை எதிர்த்திசையில் படியெடுக்கப்படும். அதுவரை ஒரு நீண்ட பகுதி ஒற்றை இழையாகவே நிற்கிறது. நோயாளிகளிடம் காணப்படும் நீக்கங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு தொடக்கப் புள்ளிகளுக்கு இடையிலுள்ள பெரிய வளைவில்தான் விழுகின்றன.

அங்கே இரண்டு இடங்களில் ஒரே எழுத்து வரிசை இருக்கிறது: ஏ-சி-சி-டி-சி-சி-சி-டி-சி-ஏ-சி-சி-ஏ. 13 எழுத்து. ஒன்று 8,470ஆம் இடத்தில் தொடங்குகிறது, மற்றது 13,447ஆம் இடத்தில். மென்னிழை படியெடுக்கப்படும்போது நொதி முதலில் சந்திக்கும் வரிசையில் தடுமாறி நின்றால், புதிதாக உருவான நுனி அச்சிலிருந்து கழன்று, அதே எழுத்துகள் உள்ள அடுத்த வரிசையில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து படியெடுப்பு தொடரும். நடுவில் இருந்தது படியில் வராது. இரண்டு வரிசைகளில் ஒன்று மட்டும் மிஞ்சும். 13,447இலிருந்து 8,470ஐக் கழித்தால் வருவது 4,977.

1988இல் ஆய்வாளர் ஹோல்ட்டும் சகாக்களும் தசை நோயாளிகளிடம் இத்தகைய நீக்கங்களைக் கண்டார்கள். 1989இல் இந்த 13 எழுத்து வரிசை அடையாளம் காணப்பட்டது. படியெடுப்பில் நேரும் வழுக்கல்தான் காரணம் என்ற கருத்து அப்போதே வந்துவிட்டது. இரட்டை இழை முறிந்து பழுதுபார்க்கப்படும்போதே நீக்கம் விழுகிறது என்ற எதிர்வாதம் 2008இல் வலுவாக வைக்கப்பட்டது. 2019இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், தூய்மையாக்கிய புரதங்களைக் கொண்டு சோதனைக் குழாயிலேயே மென்னிழைப் படியெடுப்பில் இந்தத் தாவலைக் காட்டினார்கள். எனக்கு அந்த விளக்கமே அதிகம் பொருந்துகிறது. ஆனாலும் எல்லா நீக்கங்களுக்கும் அது ஒன்றே வழி என்று சொல்ல மாட்டேன்.

வெட்டுப்பட்டுச் சிறுத்த வளையத்தில் 11,592 கார இணைகள் மிஞ்சும். இரண்டு தொடக்கப் புள்ளிகளும் அதில் பத்திரமாக இருப்பதால் அது தொடர்ந்து படியெடுக்கப்படும். இழந்தது என்ன? ஏழு புரதங்களின் குறிப்புகள், முழுதாகவோ பாதியாகவோ. அதைவிடப் பெரிய இழப்பு ஐந்து கடத்தி ஆர்என்ஏக்கள். அவை இல்லாமல் மிச்சமிருக்கும் குறிப்புகளைக்கூடப் புரதமாக்க முடியாது. ஓர் அணுவில் நல்ல வளையங்கள் போதுமான அளவு இருக்கும்வரை அவை கடத்தி ஆர்என்ஏவைக் கடன் கொடுத்துச் சமாளிக்கும். வெட்டுப்பட்டவை ஓர் எல்லையைத் தாண்டினால் அந்த அணு ஆற்றல் இன்றித் தளரும். ஓயாமல் உழைக்கும் கண் தசையும் இதயத்தின் மின்தடமும் அதை முதலில் காட்டுகின்றன.

முதுமையில் நம் எல்லோருடைய தசையிலும் மூளையின் கருநிறப் பகுதியிலும் இதே வகை நீக்கங்கள் சேர்கின்றன. அவை அணுவுக்கு அணு வேறுபடும். இந்தப் பெண்ணுக்கு எங்கும் ஒரே வெட்டு இருப்பதால், அது தொடங்கியது கருமுட்டையில், அல்லது கரு உருவான முதல் நாட்களில்.

வீட்டில் நடந்தது, என் தவறு

ரத்தம் எடுத்த அன்றே முதல் ஆலோசனையை நடத்தினேன். அம்மா, அப்பா, மாமியார் மூவரும் இருந்தார்கள். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகிறது, எனவே இது தாய்வழியில் வரக்கூடிய நோய் வகை என்றேன். பாடப்புத்தகத்தின் முதல் வரி அது. எந்த வகை நீக்கம் என்று தெரியும் முன் சொல்லியிருக்கக் கூடாத வரியும் அதுவே.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்ணுடைய அம்மாவின் அப்பா, மாமியாருக்குச் சொந்த அண்ணன். அப்பன் வழி என்றால் அது மாமியாரின் ரத்தம். தாய்வழி என்றால் அது அண்ணியிடமிருந்து வந்தது. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் இடையே முப்பது வருடமாக இருந்த மனக்கசப்புக்கு, ஆஸ்பத்திரிச் சான்றோடு நானே ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டேன். "எங்கண்ணன் வூட்ல ஒருத்தருக்கும் இல்ல, அவ கொண்டாந்தது" என்று ஆரணிக்குத் தொலைபேசி போயிற்று. அந்த அண்ணிதான் பெண்ணின் ஆரணிப் பாட்டி. அவர் பேத்தியைப் பார்க்க வருவதை நிறுத்தினார். அக்கா கல்யாணத்தை ஆடியைக் காரணம் காட்டித் தள்ளினார்கள். ஆடி முடிந்தும் புதுத் தேதி குறிக்கவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது இரண்டு மாதம் கழித்து, தசை முடிவைச் சொல்ல அழைத்தபோது. அம்மா தனியாக வந்தார். உட்காரும் முன்பே கேட்டார்: "மூக்கு முழி எல்லாம் அவங்கப்பா மாதிரி. நோவு மட்டும் என்கிட்ட இருந்தா மேடம்? எங்கம்மாகிட்ட இருந்தா?"

வளையப் படத்தை எடுக்கவில்லை. அவர் தைப்பவர், அதனால் துணியில் தொடங்கினேன். பூப்போட்ட பார்டர் ஒன்று, அதில் தள்ளித் தள்ளி இரண்டு இடத்தில் அச்சு அசலாக ஒரே பூ. அதைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று தைக்கும்போது, முதல் பூவை முடித்த கை, கண் ஏமாந்து இரண்டாவது பூவிலிருந்து தொடர்ந்துவிட்டால்?

"நடுவுல இருக்கறது விட்டுப்போயிடும்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பார்த்தா தெரியாது மேடம். பூ சரியா இருக்கும். நீளந்தான் குறையும்."

இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு இவ்வளவு துல்லியமாக இதைத் திருப்பிச் சொன்னதில்லை. மூலத் துணியில் குறை இல்லை, உங்கள் அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்த துணி முழுசு என்றேன். படியெடுக்கும்போது ஒரு முட்டையில் நேர்ந்த தாவல் இது. நீங்கள் சாப்பிட்டதாலோ, சாப்பிடாததாலோ, சொந்தத்தில் கட்டியதாலோ, வேலைக்குப் போனதாலோ நேர்ந்தது இல்லை. தாயின் வயது ஏறுவதாலும் இது கூடுவதில்லை. நோயில்லாத பெண்களின் கருமுட்டைகளிலும் இந்த நீக்கம் சிறு அளவில் காணப்படுகிறது.

"லைன்ல நாளைக்கு எத்தனை ஓடுது. ஒண்ணு ரெண்டு தப்பத்தான் செய்யும். அது ரோல் குத்தமும் இல்ல, டெய்லர் குத்தமும் இல்ல." சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதார்.

அடுத்த வாரம் மாமியாரையும் வரவழைத்தேன். முன்பு நான் சொன்னது அரைகுறை என்று அவர் முன்னாலேயே ஒப்புக்கொண்டேன். தாய்வழியாகத் தலைமுறை தலைமுறையாக வருவது பெரும்பாலும் ஓர் எழுத்து மாறும் வகை, இது அந்த வகை இல்லை என்று விளக்கினேன். அவர் மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை. "அப்ப யார் மேலயும் இல்லியா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

அதன் பிறகு

அம்மா, அக்கா இருவரின் சிறுநீர் அணுக்களிலும் நீக்கம் தென்படவில்லை. கருமுட்டையில் என்ன இருக்கிறது என்பதை அந்தச் சோதனை காட்டாது, அதையும் மறைக்காமல் சொன்னோம். 2004இல் வெளியான, 226 குடும்பங்களை ஆராய்ந்த ஆய்வின்படி, நோயில்லாத தாய்க்கு இப்படி ஒரு பிள்ளை பிறந்தபின் இன்னொரு பிள்ளையும் பாதிக்கப்படுவது அரிது. அக்காவுக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் அதை ஓசூரில் ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தை மாதம் தேதி வைத்தார்கள்.

நோயாளிக்கே பிள்ளை பிறந்தால் பாதிக்கப்படும் வாய்ப்பு, அதே ஆய்வின்படி, சராசரியாக 24இல் 1. இதை அவள் 18 முடித்த பிறகு, அவள் மட்டும் இருக்கும்போது சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டாள். பிறகு, பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேட்கக் கடிதம் கிடைக்குமா என்றாள்.

பேஸ்மேக்கர் வைத்து 20 மாதம் ஆகிறது. கருவிச் சோதனையில், இப்போது பெரும்பாலான துடிப்புகளைக் கருவியே கொடுக்கிறது என்று தெரிந்தது. மூன்றாவது பாதையும் மூடிக்கொண்டு வருகிறது. ஸ்டீராய்டு நின்றதும் சர்க்கரை இறங்கியது, ஆனால் இந்த நோயிலேயே நீரிழிவு வருவதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். இமை மூக்குக்கண்ணாடியில் பொருத்திய தாங்கிக் கம்பியில் நிற்கிறது. தலையைச் சாய்க்காமல் படிக்கிறாள். இமையைத் தூக்கிக் கட்டினால் தூக்கத்தில் கண் மூடாமல் கருவிழி காயும் அபாயம் இவளுக்கு அதிகம், ஆகவே அறுவைச் சிகிச்சை இப்போதைக்கு இல்லை. இரவுப் பார்வை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. கோஎன்சைம் கியூ10 கொடுக்கிறோம். நோயின் போக்கை அது மாற்றும் என்று குடும்பத்துக்கு வாக்குக் கொடுக்கவில்லை. பி.காம். சேர்ந்திருக்கிறாள்.

இனி மாற்றிச் செய்வது

விழி அசையாமல் இமை இறங்கிய இளவயதினர் யார் வந்தாலும் எங்கள் பிரிவில் ஈசிஜி முதல் நாளே எடுக்கப்படுகிறது, மற்ற எதற்கும் முன்னால். பதின்வயதைக் கடந்தவர்களுக்கு ரத்தத்தை மட்டும் நம்பி நீக்கம் இல்லை என்று எழுதுவதில்லை. சிறுநீர் அணுக்களையும் கேட்கிறோம், சந்தேகம் தீராவிட்டால் தசைக்கே போகிறோம். இந்தக் குடும்பம் ரத்தப் பரிசோதனைக்குச் செலவழித்தது தவிர்த்திருக்கக்கூடிய பணம்.

என் ஆலோசனைப் படிவத்தில் 'வழி' என்ற கட்டத்தைக் கடைசிப் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். ஒற்றை நீக்கமா, பல நீக்கமா, எழுத்து மாற்றமா என்று ஆய்வகம் சொல்லும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். அதற்குள் யாராவது கேட்டால், இன்னும் தெரியவில்லை, தெரிந்ததும் உங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்கிறேன் என்கிறேன்.

ஆரணிப் பாட்டி தை மாதக் கல்யாணத்துக்கு வந்திருந்தார். அடுத்த கருவிச் சோதனை ஜூனில். அதற்குப் பேத்தியோடு தானும் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.